நாய் ஓட ஒரு மைதானம் கொடுங்கள், ஏரியைப் பறவைக்கு விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூர், காட்பாடி சுற்றுவட்டாரத்தில் ஏரிகளைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, மேலே நடைபாதை போட்டு, விளக்கும் பெஞ்சும் வைத்துத் தருவது இப்போது நடந்துவருகிறது. நல்ல காரியம்தான். ஆக்கிரமிப்பும் குப்பையுமாகக் கிடந்த கரைகளில் இன்றைக்குப் பெண்கள் விடியற்காலையில் பயமில்லாமல் நடக்கிறார்கள் என்றால் அது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தக் கரை யாருக்கு, எந்த நேரத்தில், எதற்கு என்பதை மட்டும் யாரும் முடிவு செய்யவில்லை. விளைவு, காலை ஐந்தரை மணிக்கே தகராறு.

நான் நடக்கப் போகும் ஏரியின் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் அந்த ஊர்க்காரர்களைக் குறை சொன்னது போல ஆகிவிடும், எல்லா ஏரியிலும் கதை ஒன்றுதான். அங்கே மூன்று கூட்டம் வருகிறது. சர்க்கரைக்காகவும் பிரஷருக்காகவும் கைவீசி நடக்கிறவர்கள், நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், கழுத்தில் பைனாகுலரோடு பறவை பார்க்க வருகிறவர்கள். முதல் கூட்டம் யார் வம்புக்கும் போவதில்லை, மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருக்கிறது. மற்ற இரண்டு கூட்டமும்தான் முட்டிக்கொள்கிறது. போன கோடையில் ஒருவர் தன் லாப்ரடாரை ஏரிக்குள் அவிழ்த்துவிட, அது ஆள்காட்டிக் குருவியைத் துரத்த, கேமராவோடு நின்ற ஒரு பையன் கத்த, "இது என்ன உங்கப்பன் வீட்டு ஏரியா?" என்று இவர் கேட்க, அதையே அவன் இவரிடம் திருப்பிக் கேட்க, கடைசியில் வாக்கிங் வந்த பெரியவர்கள் நடுவில் புகுந்து விலக்கிவிட வேண்டியதாயிற்று. இரண்டு பேர் கேள்விக்கும் பதில் "இல்லை" என்ற ஒன்றுதானே!

எங்கள் வீட்டிலும் நாய் உண்டு. சிப்பிப்பாறையும் நாட்டு நாயும் கலந்தது, அவிழ்த்துவிட்டால் காட்பாடி ஸ்டேஷன் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் ஓடக்கூடியது. பைனாகுலரும் உண்டு. அதனால் இரண்டு தரப்பும் என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்து மற்றவரைப் பற்றிப் புகார் சொல்வார்கள். இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நாய் வைத்திருப்பவர்கள் எப்போதும் சொல்வது, "என் நாய் யாரையும் கடிக்காது சார், சும்மா விளையாடும்." உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பறவையின் விஷயத்தில் கடித்தால்தான் கெடுதல் என்பதில்லை, எழுப்பிவிட்டாலே போதும். சிவப்பு மூக்கு ஆட்காட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஏரிகளில் எல்லோருக்கும் தெரிந்த பறவை அதுதான். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை அதற்கு முட்டையிடும் காலம். கூடு என்று ஒன்றும் கட்டாது, ஏரி வற்றிய தரையில் சின்னதாக ஒரு பள்ளம், சுற்றிலும் கொஞ்சம் கூழாங்கல், பெரும்பாலும் நான்கு முட்டை. நான்கு வாரம் அடைகாக்க வேண்டும். அந்த நான்கு வாரம் நம் ஊரில் எப்போது வருகிறது பாருங்கள், 40 டிகிரியைத் தாண்டும் கத்திரி வெயில் காலத்தில். மற்ற ஊர்ப் பறவைகள் முட்டைக்குச் சூடு கொடுக்க உட்காரும் என்றால், இங்கே வெயில் ஏறிய பிறகு இது முட்டைக்கு நிழல் கொடுக்கத்தான் நிற்கிறது. மிச்சமிருக்கும் தண்ணீரில் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையை ஈரப்படுத்துவதும் உண்டு. அந்த நேரத்தில் ஒரு நாய் வந்து அதைக் கால்மணி நேரம் வானத்தில் சுற்றவிட்டால், முட்டையை யாரும் தொடாமலேயே உள்ளே இருக்கும் குஞ்சு வெந்துபோகும். காலை நேரம்தானே, வெயில் இல்லையே என்றால், அப்போது காக்கை இருக்கிறது. தாய் எழுந்த இடம் எது என்று அது கரையோரக் கருவேல மரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, அந்த முட்டையின் நிறமும் குஞ்சின் நிறமும் மண்ணோடு மண்ணாக இருக்கும், நாம் காலடியில் வைத்துக்கொண்டு தேடினாலும் கிடைக்காது. குஞ்சு பொரித்த சில மணி நேரத்திலேயே நடக்கத் தொடங்கிவிடும், தாய் கத்தினால் இருந்த இடத்திலேயே அசையாமல் படுத்துக்கொள்ளும். பருந்தின் கண்ணை ஏமாற்ற இது நல்ல வித்தை. நாய் கண்ணால் தேடுவதில்லையே, மூக்கால் தேடுகிறது. அசையாமல் படுத்திருக்கும் குஞ்சு அதற்குத் தட்டில் வைத்தது மாதிரி. கௌதாரி, காடை, வானம்பாடி, பக்கி என்று தரையிலேயே குடும்பம் நடத்தும் எல்லாப் பறவைக்கும் இதே கதிதான்.

"மாடு மேய்கிறதே, எருமை இறங்குகிறதே, அதை ஏன் கேட்பதில்லை?" என்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. மாடு தலையைக் குனிந்துகொண்டு புல்லைத்தான் பார்க்கும், பறவையைத் துரத்தாது. ஆள்காட்டியும் மாட்டைக் கண்டு ஓடுவதில்லை, முட்டையின் முன்னால் இறக்கையை விரித்து நின்று கத்தும், மாடு விலகிப் போய்விடும். சில நேரம் மிதிபடுவதும் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாய் ஐந்து நிமிடத்தில் ஏரி முழுக்க ஓடிக் கலைப்பதை ஒரு மந்தை நாள் முழுக்க மேய்ந்தாலும் செய்யாது.

மழைக்காலம் வந்தால் கதை வேறு. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிக் கோடி போனால் நமக்குக் கொண்டாட்டம், 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் நிறைந்திருக்கும் வரை நாயும் பறவையும் ஒன்றையொன்று பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் இறங்கிச் சேறு வெளியே தெரியும்போதுதான் உள்ளான்கள், உப்புக்கொத்திகள், மஞ்சள் வாலாட்டிகள் அங்கே நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும், நீலச்சிறகி மாதிரியான வாத்துகள் ஓரமாக ஒதுங்கும். அவை எல்லாம் மார்ச், ஏப்ரலில் வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க உடம்பில் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு முறை கூட்டத்தை எழுப்பும்போதும் தின்றது செலவாகிறது. நமக்கு அது அழகான காட்சி, ஒரே நேரத்தில் நூறு பறவை எழும்பும், செல்போனில் வீடியோ எடுப்போம்.

ஊருக்குள் இருக்கும் பூங்காக்களும் தப்பவில்லை. ஆறுமணிக்குருவி அக்டோபர் வாக்கில் வடக்கிலிருந்து இறங்கும்போது களைத்துப்போய் வீட்டுத் தோட்டம், பூங்கா என்று கிடைத்த மரத்தடியில் இறங்கும். தரையில் சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்னும் பறவை அது. பறக்கத் தெம்பில்லாமல் செடியடியில் பதுங்கியிருக்கும் நேரத்தில் அவிழ்த்துவிட்ட நாய் ஒன்று மோப்பம் பிடித்து உள்ளே போனால் அவ்வளவுதான். நாய்க்காரருக்கு என்ன நடந்தது என்றுகூடத் தெரியாது, அவர் போனில் பேசிக்கொண்டிருப்பார்.

இதை வெறும் பறவைப் பைத்தியங்களின் புலம்பல் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் சிட்னியை ஒட்டிய காட்டுப் பாதைகளில் ஆள் மட்டும் நடந்தால் என்ன, நாயோடு நடந்தால் என்ன, யாருமே நடக்காவிட்டால் என்ன என்று ஒப்பிட்டுப் பார்த்து 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாயோடு நடந்த பாதைகளில் பறவை வகைகள் 35 சதவீதமும் பறவைகளின் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்திருந்தன. ஆள் மட்டும் நடந்த பாதையில் பாதிப்பு அதில் பாதிகூட இல்லை. அந்த நாய்கள் எல்லாம் கயிற்றில் கட்டப்பட்ட நாய்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படியானால் கயிறு போட்டாலும் பிரயோசனமில்லையா என்று கேட்கலாம். அது காடு, நம் ஏரிக்கரை வேறு. நம் ஏரிக்கரையில் மைனாவும் கொக்கும் பஸ் ஹாரனுக்கே அசையாது. நான் பார்த்தவரையில் கரைக்கு மேல், நடைபாதையில், கயிற்றோடு போகும் நாயை ஏரிக்குள் இருக்கும் பறவைகள் கண்டுகொள்வதில்லை. கரையை விட்டுக் கீழே இறங்கினால்தான் கூச்சல் கிளம்புகிறது. அதனால் எனக்கு எல்லைக்கோடு என்பது கரைதான். மேலே கயிற்றோடு வா, கீழே இறங்காதே. நாய்க்கு மட்டுமல்ல, மனிதருக்கும்.

மனிதருக்கும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பறவை பார்ப்பவர்களில் சிலர் செய்வது நாய் செய்வதைவிடக் குறைந்ததல்ல. பெரிய லென்ஸ் வாங்கிய புதிதில் ஆள்காட்டிக் கூட்டுக்குப் பத்தடியில் போய் நின்றுகொண்டு, தாய்ப்பறவை தலைக்கு மேல் கதறிக்கொண்டிருக்க, "லைட் நல்லா இருக்கு" என்று படம் எடுக்கிறார்கள். போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைக்கிறார்கள், இனப்பெருக்க நேரத்தில் அது எதிரி வந்துவிட்டான் என்று பதறி ஓடிவருகிறது. ஆந்தை இருக்கும் பொந்தை வாட்ஸ்அப்பில் லொகேஷனோடு போடுகிறார்கள், அடுத்த ஞாயிறு அங்கே திருவிழா. இவர்கள்தான் நாய்க்காரரைப் பார்த்து இயற்கையைப் பற்றி வகுப்பெடுக்கிறார்கள், அவர் கடுப்பாகாமல் என்ன செய்வார்?

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே காட்டுப்பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவது, கூட்டைக் கலைப்பது எல்லாம் அடங்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவுக்குள்ளேயே இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறியதற்குப் பிறகு சென்னையில் உரிமம், கயிறு என்று பிடி இறுகியது. அந்த மாதிரி ஒன்று நடந்த பிறகுதான் வேலூரில் யோசிக்க வேண்டுமா? ஆனால் வாக்கிங் வந்தவர் மேல் வனத்துறை வழக்கு, போலீஸ் வழக்கு என்பதெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை, ஒரு ஏரிக்கு அது ஆகாது.

அதற்காக "பூங்காவுக்குள் நாய்களுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு போர்டை மாட்டிவிட்டுக் கைகழுவுவதும் தப்பு. அப்படி மொத்தமாகத் தடை போடுவது சரியில்லை, வேண்டுமானால் பேசி நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம், பொது இடத்தில் நாயைக் கயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள் என்று இந்திய விலங்குகள் நல வாரியமே 2015இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. போர்டு மாட்டினால் என்ன ஆகும், நாய்க்காரர்கள் காவலாளி வருவதற்கு முன்னால் இருட்டில் வந்து அவிழ்த்துவிடுவார்கள், அது இன்னும் மோசம்.

நாய்க்கும் ஓட இடம் வேண்டும், அதை யாரும் பேசுவதில்லை. வேலூர் வெயிலில் காலை எட்டு மணிக்கு மேல் தார் ரோட்டில் நாயை நடத்திப் பாருங்கள், பாதம் கொப்பளித்துவிடும். மாலை ஆறு மணிக்குக்கூட ரோடு சூடாகத்தான் இருக்கும். ஆக அதற்குக் கிடைப்பது விடியற்காலை இரண்டு மணி நேரம். பறவை சுறுசுறுப்பாக இரை தேடுவதும் அதே இரண்டு மணி நேரம். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஓடுவதற்கென்றே பிறந்த நாயை மூன்றடிக் கயிற்றில் கட்டிப் பெரியவர்களின் நடை வேகத்தில் கூட்டிப்போவது அதற்கும் தண்டனை, இழுபடும் நம் தோளுக்கும் தண்டனை. இதைச் சொன்னால் பறவை நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம், ஏரியை விட்டு நாய் வெளியே போக வேண்டும் என்றால் அது போவதற்கு ஓர் இடம் காட்ட வேண்டும்.

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சில பகுதிகளில் காலை 6 முதல் 9 வரையும் இரவு 9 முதல் 1 மணி வரையும் நாயை அவிழ்த்துவிடலாம். அதே பூங்காவுக்குள் ராம்பிள் என்ற மரங்கள் அடர்ந்த பகுதியில் மட்டும் எந்த நேரமும் கயிறு கட்டாயம், வலசைப் பறவைகள் வந்து தங்கும் இடம் அது. இடத்தையும் நேரத்தையும் பிரித்துவிட்டார்கள், இதை நாமும் செய்யலாம். ஆனால் அங்கேயே 2020 மே 25 அன்று என்ன நடந்தது என்பதையும் பலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். பறவை பார்க்க வந்த கறுப்பினத்தவர் ஒருவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் நாயைக் கட்டுங்கள் என்று சொல்லப்போக, அந்தப் பெண் போலீசுக்குப் போன் போட்டு ஒரு கறுப்பர் தன்னை மிரட்டுவதாகச் சொன்னார். உலகம் முழுக்கப் பேச்சானது. அவர்கள் ஊர் நிறவெறி அவர்கள் ஊர் விஷயம், நம் ஊரில் நாயைக் கட்டச் சொன்னவர் எந்தத் தெரு, என்ன ஆள் என்று பேச்சு திரும்ப எவ்வளவு நேரமாகும்? விதி எழுதி வைத்தால் மட்டும் போதாது, அதைச் சொல்லும் வேலை பக்கத்தில் நடக்கிறவர் தலையில் விழக்கூடாது. சீருடை போட்ட ஒருவர் சொல்ல வேண்டும்.

தெரு நாய் பற்றிக் கேட்பீர்கள், கேட்காமல் இருக்க மாட்டீர்கள். "ஏரிக்குள் பத்து தெரு நாய் சுற்றுகிறது, என் நாய்க்கு மட்டும் கயிறா?" தெரு நாய் விஷயம் 2023ஆம் ஆண்டு கருத்தடை விதிகள், 2025இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவுகள் என்று பெரிய அளவில் போய்க்கொண்டிருக்கிறது, அது இந்தக் கடிதத்தில் அடங்காது. ஒன்று மட்டும் சொல்கிறேன். டீக்கடை ஓரமாகச் சுருண்டு படுத்திருக்கும் தெரு நாய்கள் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும், வீட்டு நாய் ஒன்று கயிறில்லாமல் பாய்ந்து ஓடினால்தான் மொத்தக் கூட்டமும் எழுந்து பின்னால் ஓடுகிறது. கடிபடுவதும் உங்கள் நாய்தான்.

சரி, நான் கேட்பது என்னவென்றால், வேலூர் மாநகராட்சியில் 4 மண்டலம், 60 வார்டு இருக்கிறது. மண்டலத்துக்கு ஒன்று என்று நான்கு இடத்தில், ஏரியை விட்டுத் தள்ளி, சும்மா கிடக்கும் நிலத்தில் ஆள் உயரத்துக்குக் கம்பிவலை அடித்து நாய் ஓட ஒரு மைதானம் விடட்டும். வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கேட் வேண்டும், முதல் கேட்டை மூடிய பிறகு இரண்டாவதைத் திறந்தால் நாய் தப்பி ரோட்டுக்கு ஓடாது. ஒரு தண்ணீர்த் தொட்டி, நான்கு புங்க மரம், கழிவை அள்ளிப் போட ஒரு தொட்டி. மாநகராட்சி கட்டும் மற்றவற்றோடு பார்த்தால் இது செலவே இல்லை. தடுப்பூசி அட்டையைக் காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்று வைத்தால் வெறிநாய்த் தடுப்பூசி போடுகிறவர்களும் கூடுவார்கள். அங்கே நாய் அவிழ்ந்து ஓடட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் ஓடட்டும்.

ஏரியில் நடைபாதையில் கயிறு கட்டாயம். இழுக்க இழுக்க நீளும் கயிறு வேண்டாம், அது கட்டியும் கட்டாத மாதிரிதான். கரையிலிருந்து ஏரிக்குள் இறங்கும் படிக்கட்டுகளுக்கு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பூட்டு. விவசாயிகளும் மாடு மேய்க்கிறவர்களும் மீன் குத்தகைக்காரர்களும் காலம்காலமாகப் போகும் வழி வேறு, அதைத் தொடக்கூடாது, பிழைப்புக்கு இறங்குகிறவரையும் பொழுதுபோக்குக்கு இறங்குகிறவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆர்வக்கோளாறில் யாரும் கூட்டைச் சுற்றிக் குச்சி நட்டு ரிப்பன் கட்ட வேண்டாம், அது காக்கைக்கும் பையன்களுக்கும் அடையாளம் காட்டுவதாகத்தான் முடியும்.

அப்புறம், பொங்கலையொட்டி ஒவ்வொரு வருடமும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். வரும் பொங்கலுக்கு நாய்க்காரர்களையும் கூப்பிடுங்கள் என்று நம் ஊர்ப் பறவை நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தினமும் தவறாமல் விடியற்காலையில் ஏரிக்கு வருகிறவர்கள் அவர்கள்தான், எந்த மரத்தில் என்ன உட்காரும் என்பது அவர்களில் பலருக்குப் பெயர் தெரியாமலேயே தெரியும்.

ஆள்காட்டி மார்ச்சில் முட்டையிடத் தொடங்கிவிடும். படிக்கட்டுகளுக்கு கேட் போட ஒரு வெல்டருக்கு இரண்டு நாள் வேலை. பிப்ரவரிக்குள் அதையாவது முடித்துக் கொடுங்கள், மைதானத்துக்கு டெண்டர் விட்டு நிலம் பார்த்து வருவதற்குள் எப்படியும் அடுத்த கோடை வந்துவிடும், அது எங்களுக்கும் தெரியும்.

இப்படிக்கு,
காட்பாடி வாசகர் ஒருவர்